அளவுகோலும் ஆள்வோர் விருப்பமும்

வங்கிக்குக் கிளைகள் உண்டு. கல்வித்துறைக்குப் பள்ளிகள் உண்டு. போக்குவரத்துக் கழகத்துக்குப் பணிமனைகள் உண்டு. ஒரே தலைமையின்கீழ் ஒரே வகைப் பணியைச் செய்யும் இத்தகைய பிரிவுகளுள் எது திறம்பட இயங்குகிறது, எது பின்தங்கி நிற்கிறது என்று கண்டறிவது தலைமையின் கடமை. கடமை எளிது, செய்வது அரிது. ஒரு பணிமனை நிறைய வசூல் காட்டுகிறது. மற்றொன்று நிறையப் பயணிகளை ஏற்றிச் செல்கிறது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டுமானால், ஒரு பயணி எத்தனை ரூபாய் வசூலுக்குச் சமம் என்று யாராவது சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் யார்? சொல்லாமலே அளந்துவிட முடியாதா? இவ்விரண்டு வினாக்களையும் எடுத்துக்கொண்டு, பெங்களூரில் நாம் நாள்தோறும் ஏறி இறங்கும் பஸ்ஸையே சான்றாக வைத்து ஆராய விரும்புகிறேன்.

நான் நிர்வாகவியல் பயில்கிறேன். நம் மன்ற நண்பர்களுள் பலர் பிற துறையினர். அவர்கள் கணக்கென்று கண்டு அஞ்ச வேண்டா. கூட்டலும் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

1. ஒற்றை அளவுகோலின் குறை

பெங்களூர் நகரப் பஸ்கள் 1956-இல் தனியார் கம்பெனியிடமிருந்து அரசின் கைக்கு வந்தன. நெடுங்காலம் மாநிலப் போக்குவரத்துக் கழகத்தின் ஒரு பிரிவாக இருந்த நகரச் சேவை, 1997 ஆகஸ்டு 15 அன்று பெங்களூர் மாநகரப் போக்குவரத்துக் கழகம் என்னும் தனிக் கழகமாயிற்று. மெஜஸ்டிக், சிவாஜிநகர், கிருஷ்ணராஜ மார்க்கெட் என்று நாம் சொல்லும் நிலையங்களுக்கு வரும் பஸ் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பணிமனையைச் சேர்ந்தது. டிரைவர், கண்டக்டர், மெக்கானிக், டீசல், டயர் எல்லாம் அப்பணிமனையின் கணக்கு.

போக்குவரத்துக் கழகங்கள் பணிமனைகளை அளக்கப் பல அளவுகோல்களை வைத்திருக்கின்றன. கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் வசூல். லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர். பஸ் ஒன்று நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது. பஸ் ஒன்றுக்கு எத்தனை ஊழியர். இருக்கைகளில் எத்தனை பங்கு நிரம்புகிறது. ஒவ்வொன்றும் நல்ல அளவுகோலே. ஆயின் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வரிசையைத் தருகிறது. டீசலில் முதலாவது நிற்கும் பணிமனை வசூலில் கடைசியில் நிற்கலாம். விமான நிலையத்துக்குக் குளிர்சாதன பஸ் ஓட்டும் பணிமனை வசூலில் ஓங்கும். புறநகர்ச் சிற்றூர்களுக்கு ஓட்டும் பணிமனை பயணிகளின் தொகையில் ஓங்கும். எதை நம்புவது?

“எல்லாவற்றையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்குவோம்” என்பது முதலில் தோன்றும் வழி. நம் பல்கலைக்கழகங்களுக்கு நேர்வது அதுதான். 2015-இல் அறிவிக்கப்பட்டு 2016 முதல் வெளிவரும் தேசியத் தரவரிசையில், பல்கலைக்கழகங்களுக்குக் கற்பித்தலும் வசதிகளும் 30, ஆராய்ச்சி 30, மாணவர் தேர்ச்சியும் பயனும் 20, எல்லாத் தரப்பினரையும் சேர்த்துக்கொள்ளுதல் 10, பிறர் கருத்து 10 என 100 மதிப்பெண் பகுக்கப்பட்டது. கல்லூரிகளுக்கோ கற்பித்தலின் பங்கு 40 ஆக உயர்த்தப்பட்டு, ஆராய்ச்சியின் பங்கு குறைக்கப்பட்டது. இந்த 30-உம் 40-உம் எங்கிருந்து வந்தன? எந்த ஆய்வுக்கூடத்திலும் அளந்து பெற்றவை அல்ல. “கல்லூரிக்குக் கற்பித்தலே முதன்மை” என்று முடிவெடுப்போர் கொண்ட கருத்தின் எண் வடிவமே அவை. கருத்து தவறென்று நான் சொல்லவில்லை. அது கருத்து என்பதை மறக்கக் கூடாது என்றே சொல்கிறேன்.

இவ்வாறு எடையைத் தலைமையே இறுக்கிக் கட்டிவிட்டால் ஒரு தீங்கு உண்டு. 30 என்பது 28 ஆகவோ 33 ஆகவோ இருந்திருந்தால் வரிசை மாறக்கூடும். அளக்கப்படும் பிரிவு, “என் சூழ்நிலைக்கு ஒவ்வாத தராசில் என்னை நிறுத்திவிட்டீர்கள்” என்று முறையிட்டால் பதில் சொல்ல இயலாது.

2. எடையைப் பிரிவுகளின் கையிலேயே விட்ட முறை

இம்முறையீட்டுக்கு விடையாக வந்ததே ஆங்கிலத்தில் ‘டேட்டா என்வெலப்மென்ட் அனாலிசிஸ்’ என்று வழங்கும் முறை. தமிழில் உறைக் கணிப்பு எனலாம். எல்லாப் பிரிவுகளையும் ஓர் உறைபோல் சுற்றி வளைக்கும் எல்லைக்கோட்டைக் கண்டு, அக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பிரிவும் எவ்வளவு உள்ளடங்கி நிற்கிறது என்று அளப்பதால் இப்பெயர்.

இதன் வித்தை 1957-இல் ஃபாரெல் என்னும் ஆங்கிலப் பொருளியலறிஞர் இட்டார். ஏட்டில் எழுதிய இலட்சிய அளவோடு ஒப்பிடாமல், நடைமுறையில் உள்ள மிகச் சிறந்த பிரிவுகளோடு ஒப்பிடுக என்பது அவர் கருத்து. வித்து முளைத்து மரமானது 1978-இல். சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் என்னும் மூவர் அமெரிக்காவில் அதனை நேரியல் திட்டக் கணக்காக வகுத்தனர். அவர்கள் கையில் எடுத்த சிக்கல் சிந்திக்கத்தக்கது. ஏழைக் குழந்தைகளின் கல்விக்காக நடந்த ‘ஃபாலோ த்ரூ’ என்னும் அரசுத் திட்டத்தில் எந்தப் பள்ளி திறமாக நடந்தது என்று காண வேண்டியிருந்தது. பள்ளியின் விளைவுகள் மூன்று: வாசிப்புத் திறன், கணக்குத் திறன், குழந்தையின் தன்மதிப்பு. தன்மதிப்புக்குச் சந்தையில் விலை ஏது? விலை இல்லாத பொருளை வாசிப்போடு எப்படிக் கூட்டுவது?

மூவர் சொன்ன விடை புதுமையானது. “எடையை நாம் வைக்க வேண்டா. ஒவ்வொரு பள்ளியும் தனக்கு மிகச் சாதகமான எடையைத் தானே தேர்ந்துகொள்ளட்டும். ஒரே நிபந்தனை: அதே எடையை எல்லாப் பள்ளிகளுக்கும் போட்டுப் பார்க்கும்போது எதுவும் நூற்றுக்கு நூறைத் தாண்டக் கூடாது. தனக்கு மிகச் சாதகமான தராசிலும் ஒரு பள்ளி நூறை எட்டவில்லையென்றால், அது பின்தங்கியதென்பதில் ஐயமில்லை.” குற்றம் சாட்டப்பட்டவருக்கே வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அளிப்பது போன்றது இது. அவ்வழக்கறிஞரும் காப்பாற்ற இயலாதவன்மீதே தீர்ப்பு விழும்.

3. நான்கு பணிமனைகள்

முறை விளங்குவதற்காக நானே புனைந்த நான்கு பணிமனைகளைக் காண்போம். இவை எந்த உண்மைப் பணிமனையையும் குறிப்பன அல்ல. ஒவ்வொன்றும் ஒரு லட்ச ரூபாய் செலவழித்தால் எத்தனை பயணிகளை ஏற்றுகிறது, எவ்வளவு வசூலிக்கிறது என்பது கணக்கு.

அ — பயணிகள் 2,000, வசூல் ரூ.90,000
ஆ — பயணிகள் 5,000; வசூல் ரூ.70,000
இ — பயணிகள் 6,000, வசூல் ரூ.40,000
ஈ — பயணிகள் 3,000, வசூல் ரூ.60,000

அ என்பது கட்டணம் மிக்க குளிர்சாதன பஸ் ஓட்டும் பணிமனை என்று கொள்க. இ என்பது புறநகர் ஏழை மக்களுக்குச் சாதாரண பஸ் ஓட்டுவது. ஆ இரண்டும் கலந்தது. ஈ-உம் கலந்ததே.

வசூலை மட்டும் பார்த்தால் இ-க்கு 44 விழுக்காடே கிட்டும், அதுவே கடைசி. பயணிகளை மட்டும் பார்த்தால் அ-வுக்கு 33 விழுக்காடே. இப்போது அது கடைசி. இனி உறைக் கணிப்பின்படி ஒவ்வொன்றும் தன் எடையைத் தானே தேரட்டும். எடை என்பது இங்கே ஒரு வினாதான்: வசூலித்த கட்டணத்துக்கு மேலாக, ஒரு பயணியை ஏற்றிச் சென்றதற்கே எத்தனை ரூபாய் மதிப்பு?

இ பணிமனை, “பயணி ஒருவருக்கு ரூ.30 மதிப்பு” என்கிறது. 6,000 பயணிக்கு ரூ.1,80,000, வசூலோடு சேர்த்து ரூ.2,20,000. அதே கணக்கில் ஆ-வுக்கும் ரூ.2,20,000, மற்றவை குறைவு. ஆகவே இ-க்கு நூறு. அ பணிமனை, “பயணிக்குத் தனியே மதிப்பே வேண்டா, பூச்சியம்” என்கிறது. வசூலில் அதற்கு மேற்பட்டார் இல்லை, ஆகவே நூறு. ஆ-வுக்கும் நூறு கிட்டும் என்பது வெளிப்படை.

ஈ-க்கு? எந்த மதிப்பைப் போட்டாலும் நூறு வரவில்லை. அதற்கு மிகச் சாதகமான மதிப்பு பயணிக்கு ஏறத்தாழ ரூ.6.67. அப்போது ஈ-யின் மொத்தம் ரூ.80,000, அ, ஆ இரண்டின் மொத்தமும் ஏறத்தாழ ரூ.1,03,333. ஈ-யின் திறன் 77 விழுக்காடு. அதே செலவில் 3,000 பயணிகளை 3,875 ஆகவும், ரூ.60,000 வசூலை ரூ.77,500 ஆகவும் உயர்த்தினால் அது எல்லைக்கோட்டை எட்டும். யாரைப் பார்த்துக் கற்கலாம் என்பதையும் கணக்கு காட்டுகிறது: அ-வையும் ஆ-வையும். வரைபடத் தாளில் நான்கு புள்ளிகளைக் குறித்து அ, ஆ, இ மூன்றையும் கோட்டால் இணைத்துப் பாருங்கள். ஈ உள்ளே நிற்பது கண்கூடாகும்.

4. முழு உரிமையின் குறை

மேலே கண்டதில் ஒரு விந்தை உண்டு. அ பணிமனை பயணிகளுக்குப் பூச்சிய மதிப்பு வைத்து நூறு வாங்கியது. பயணிகளை ஏற்றிச் செல்வதற்கென்றே மக்கள் பணத்தில் நடக்கும் கழகத்தில், பயணிக்கு மதிப்பில்லை என்று சொல்லி ஒரு பணிமனை முதல் வகுப்பில் தேறிவிட்டது! மூவரும் இவ்விடர்ப்பாட்டைத் தாமே உணர்ந்தனர். 1979-இல் ஒரு சிறு திருத்தம் வெளியிட்டு, எடை பூச்சியமாகக் கூடாது, சிறிதளவேனும் இருக்க வேண்டும் என்றனர். அது கணக்கின் ஓட்டையை அடைத்ததே அன்றி, பொருளின் குறையைத் தீர்க்கவில்லை. ஒரு காசு மதிப்பு வைத்தாலும் பூச்சியத்துக்கும் அதற்கும் நடைமுறையில் வேற்றுமை இல்லை.

இரண்டாவது குறை, நூறு வாங்குவோர் பெருகிவிடுவது. அளவுகள் கூடக்கூட, ஒவ்வொரு பிரிவும் தனக்கென ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நூறு வாங்கிவிடும். நம் நான்கில் மூன்று நூறு வாங்கியதைக் கண்டோம். இதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் அணுத்துகள் ஆய்வுக்கூடம் ஒன்றை எங்கே நிறுவலாம் என்று தாம்சனும் அவர் துணைவரும் ஆராய்ந்து 1986-இல் எழுதினர். ஆய்ந்த இடங்கள் ஆறு. உறைக் கணிப்பைப் போட்டுப் பார்த்தால் ஆறில் ஐந்து நூறு வாங்கின! ஆறில் ஒன்றைத் தேர வந்தவர்க்கு ஐந்தும் நன்று என்று சொல்லும் முறையால் என்ன பயன்?

ஆகவே இரண்டு முனைகளையும் கண்டோம். எடையைத் தலைமை இறுக்கிக் கட்டினால் பிரிவுகளுக்கு அநீதி. எடையை முற்றும் பிரிவுகளிடம் விட்டால் தலைமையின் நோக்கமே மறைந்துபோகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி வேண்டும்.

5. விருப்பத்தைச் சேர்க்கும் வழிகள்

முதல் வழி, எடைக்கு வரம்பு கட்டுவது. தாம்சன் குழுவினர் டெக்சாஸ் கணக்கில் கையாண்டது இதுவே. “பயணி ஒருவரின் மதிப்பு ரூ.10-க்குக் குறையக் கூடாது, ரூ.20-க்கு மிகக் கூடாது, அதற்குள் உங்களுக்குச் சாதகமானதைத் தேர்ந்துகொள்ளுங்கள்” என்று தலைமை சொல்கிறது. விளைவு என்ன? அ பணிமனை ரூ.10-ஐத் தேரும், அதன் மொத்தம் ரூ.1,10,000, ஆ-வின் மொத்தம் ரூ.1,20,000, ஆகவே 92 விழுக்காடு. இ பணிமனை ரூ.20-ஐத் தேரும், அதன் மொத்தம் ரூ.1,60,000, ஆ-வின் மொத்தம் ரூ.1,70,000, ஆகவே 94 விழுக்காடு. ஈ-க்கு 75. ஆ ஒன்றே நூறு. வரம்பை ரூ.5 முதல் ரூ.20 வரை என்று தளர்த்தினால் அ மீண்டும் நூறு பெறும். ரூ.10 முதல் ரூ.35 வரை என்று மாற்றினால் அ 92-இல் நிற்க, இ நூறு பெறும். டெக்சாஸ் கணக்கிலும் இவ்வாறு வரம்பு கட்டியபின்னரே இடங்களைத் தரம் பிரிக்க முடிந்தது.

இரண்டாம் வழி, பங்குக்கு வரம்பு கட்டுவது. ஒரு பயணிக்கு எத்தனை ரூபாய் என்று சொல்லப் பல அதிகாரிகள் தயங்குவர். ஆனால், “பணிமனையின் மொத்த மதிப்பில் பயணிகளின் பங்கு நூற்றுக்கு முப்பதேனும் இருக்க வேண்டும்” என்று எளிதில் சொல்வர். 1990-இல் வோங், பீஸ்லி என்னும் இருவர் இம்முறையை வகுத்தனர். ரூபாய்க் கணக்கு வாராத பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் இது ஏற்றது.

மூன்றாம் வழி இன்னும் சுவையானது. எடையையே கேட்பதில்லை. “எல்லைக்கோட்டில் நிற்கும் இவற்றுள் எதனை மிக விரும்புகிறீர்கள்?” என்று மட்டும் முடிவெடுப்போரைக் கேட்பது. ஃபின்லாந்தைச் சேர்ந்த ஹால்மே, கோர்ஹோனன், வாலேனியஸ் முதலியோர் 1999-இல் வெளியிட்ட இம்முறைக்கு மதிப்புத் திறன் என்று பெயர் சொல்லலாம். ஒருவர் இ பணிமனையே தம் விருப்பம் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆ-வைவிட இ-யை விரும்புகிறார் என்றால், அவர் உள்ளத்தில் ஒரு பயணியின் மதிப்பு ரூ.30-க்குக் குறையாது என்று கணக்கு தானே கண்டுகொள்கிறது. அந்த மதிப்பில் இ-யும் ஆ-வும் நூறு, அ 68, ஈ-யும் 68. மற்றொருவர் அ பணிமனையே தம் விருப்பம் என்றால், அவர் உள்ளத்தில் பயணியின் மதிப்பு ரூ.6.67-க்கு மிகாது. அப்போது அ-வும் ஆ-வும் நூறு, இ 77, ஈ-யும் 77.

இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். இ விரும்பப்படும்போது அ இறங்கி ஈ-யோடு சேர்கிறது. அ விரும்பப்படும்போது இ இறங்கி ஈ-யோடு சேர்கிறது. ஈ மட்டும் யார் விரும்பினாலும், எந்த மதிப்பிலும், நூறை எட்டவில்லை. ஆகவே “திறன் குறைவு” என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பது இருவேறு பொருள்கள். ஈ-யின் குறை உழைப்பின் குறை, நடத்தையின் குறை; எந்தத் திசையில் நடந்தாலும் அது பின்தங்கியே நிற்கிறது. அ-வின் குறையும் இ-யின் குறையும் திசையின் வேற்றுமை. தலைமை விரும்பும் பக்கம் அவை நடக்கவில்லை, அவ்வளவே. முதற்குறைக்கு மருந்து, பணிமனையைச் சீர்திருத்துவது. இரண்டாவதற்கு மருந்து, தலைமை தன் கொள்கையைத் தெளிவாகச் சொல்வது. இந்த வேற்றுமை அறியாது, இ பணிமனையின் மேலாளருக்கும் ஈ பணிமனையின் மேலாளருக்கும் ஒரே வகை மெமோ அனுப்பினால் அது முறையாகுமா?

6. விலையில்லாப் பயணமும் விலையிடும் கணக்கும்

இஃது ஏட்டுச் சுரைக்காய் அன்று. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லலாம் என்று ஆணை வந்தது. கருநாடகத்தில் ‘சக்தி’ என்னும் திட்டம் 2023 ஜூன் 11 அன்று தொடங்கிற்று. மாநிலத்தைச் சேர்ந்த பெண்கள் சாதாரண பஸ்களில் கட்டணமின்றிச் செல்லலானார்கள். கண்டக்டர் அவர்களுக்குப் பூச்சிய ரூபாய்ச் சீட்டுக் கிழித்துத் தருகிறார். அச்சீட்டுகளின் கணக்கைக் கொண்டு அரசு கழகத்துக்கு ஈடுசெய்ய வேண்டும் என்பது ஏற்பாடு.

இத்தகைய ஆணை ஒன்று வந்த மறுநாள் நம் இ பணிமனைக்கு என்ன நேரும்? அதன் பஸ்களில் ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்லும் பெண்களும், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களும், கல்லூரிப் பெண்களும் நிறைந்திருப்பர். பயணிகள் கூடுவர், கையில் வாங்கும் காசு குறையும். கையில் வாங்கிய காசை மட்டும் வசூல் என்று எண்ணும் பழைய அளவுகோலை வைத்துக்கொண்டு அளந்தால், அரசின் ஆணையை மிக நன்றாக நிறைவேற்றிய பணிமனையே மிக மோசமான பணிமனை என்று கணக்கு சொல்லும். மோசமென்று பெயரெடுத்த பணிமனைக்குப் புதுப் பஸ் கிடைப்பது கடினம், நடைகள் குறைக்கப்படலாம். கட்டணம் இல்லை என்று சொல்லிவிட்டு பஸ்ஸே இல்லை என்று ஆக்குவது எந்தப் பெண்ணுக்கும் உதவாது.

மாறாக, பூச்சியச் சீட்டின் மதிப்பையும் வசூலோடு சேர்த்து எண்ணினால், அரசு ஒரு சீட்டுக்குத் தரும் ஈட்டுத்தொகையே பயணியின் மதிப்பாகக் கணக்கில் நுழைந்துவிடுகிறது. அதாவது முடிவெடுப்போர் தம் விருப்பத்தை ரூபாயில் எழுதிக் கொடுத்துவிட்டனர். நாம் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆயினும் ஈட்டுத்தொகை கட்டணத்தின் அளவே. ஒரு பெண் வேலைக்குச் செல்ல முடிந்ததன் மதிப்பு அதனினும் மிகுதி என்று அரசு கருதினால், வரம்பின் மேல்முனையை உயர்த்த வேண்டும். எவ்வளவு உயர்த்துவது என்பது கணக்கனின் வேலை அன்று, ஆள்வோரின் வேலை. உயர்த்தினால் எந்தப் பணிமனையின் இடம் எவ்வாறு மாறும் என்று காட்டுவதே கணக்கனின் வேலை.

திருக்குறளில் ‘தெரிந்து செயல்வகை’ என்று ஓர் அதிகாரமே உண்டு. அதன் தொடக்கமே செலவையும் வரவையும் பின்னர் விளையும் பயனையும் சேர்த்து எண்ணச் சொல்வதுதான். செலவும் வரவும் ஏட்டில் இருக்கும். பின்னர் விளையும் பயனை எண்ணத்தான் விருப்பமும் மதிப்பும் வேண்டியிருக்கின்றன.

7. கையாள்வோர்க்குச் சில எச்சரிக்கைகள்

ஒன்று: வரம்பை அளப்பதற்கு முன்னரே அறிவிக்க வேண்டும். மேலே ரூ.20-ஐ ரூ.35 ஆக்கியதும் இ நூறு பெற்றதையும், ரூ.10-ஐ ரூ.5 ஆக்கியதும் அ நூறு பெற்றதையும் கண்டோம். விடையைக் கண்டபின் வரம்பை மாற்றலாம் என்றால், வேண்டியவரை உயர்த்தவும் வேண்டாதவரைத் தாழ்த்தவும் இதைவிட நல்ல கருவி இல்லை. தேர்வு முடிந்தபின் வினாத்தாளைத் திருத்துவதற்கு ஒப்பாகும் அது.

இரண்டு: வரம்பு மிகக் குறுகக் கூடாது. குறுகிக் குறுகி ஒரே எண்ணாகிவிட்டால், நாம் விட்டுவந்த இறுக்கமான தராசுக்கே திரும்பிவிடுவோம்.

மூன்று: ஒப்பானவற்றையே ஒப்பிட வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் பஸ்ஸின் டீசல் கணக்கைத் தஞ்சைச் சமவெளி பஸ்ஸின் கணக்கோடு வைப்பது முறையன்று. விருப்பம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இத்தவற்றை அது திருத்தாது.

நான்கு: யாருடைய விருப்பம் என்று கேட்க வேண்டும். முடிவெடுப்போர் ஒருவர் அல்லர். நிதி அதிகாரிக்கு வசூல் முக்கியம். போக்குவரத்து அதிகாரிக்கு நடை தவறாமை முக்கியம். சட்டமன்ற உறுப்பினருக்குத் தம் தொகுதி பஸ் முக்கியம். தொழிலாளர் சங்கத்துக்கு வேலை நேரம் முக்கியம். ஒவ்வொருவரும் தத்தம் வரம்பைச் சொல்ல, எல்லாவற்றையும் தழுவிய வரம்பை முதலில் வைத்துப் பார்ப்பது நல்லது. அந்த அகன்ற வரம்பிலும் பின்தங்கும் பணிமனையைப் பற்றி யாருக்கும் கருத்து வேற்றுமை இராது. அதைச் சீர்திருத்தும் பணியை உடனே தொடங்கலாம். பின்னர் வரம்பு சுருங்கச் சுருங்க எந்தப் பணிமனைகள் இறங்குகின்றன என்று பார்த்தால், அவர்களுக்குள் உண்மையாகவே வேறுபாடு எங்கே இருக்கிறது என்பது வெளிச்சமாகும். பஸ் நிறுத்தத்தில் காத்து நிற்கும் பயணியின் விருப்பத்தையும் அங்கே கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

முடிவுரை

விருப்பு வெறுப்பற்ற அளவுகோல் ஒன்று எங்கோ இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் எல்லாம் தீரும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வசூலை மட்டும் அளப்பவர் பயணிக்குப் பூச்சிய மதிப்பு வைக்கிறார். எடையைப் பிரிவுகளிடமே விடுபவர் ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு மதிப்பை ஏற்கிறார். இரண்டும் விருப்பங்களே; வாய்திறந்து சொல்லப்படாத விருப்பங்கள். சொல்லப்படாத விருப்பத்தோடு வாதிட முடியாது. ரூ.10 என்றும் ரூ.20 என்றும் ஏட்டில் எழுதிவிட்டால், அது குறைவு என்றோ மிகுதி என்றோ சட்டமன்றத்தில் கேட்கலாம்; சங்கத்தில் கேட்கலாம்; நம் மன்றத்திலும் கேட்கலாம்.

நம்முள் பலர் நாளை வங்கியிலோ ஆலையிலோ அரசு அலுவலகத்திலோ பிறரை அளக்கும் இடத்தில் அமர்வோம். அங்கே மேசைமேல் வரும் தரவரிசைப் பட்டியலைக் கண்டால், கடைசியில் நிற்பவர் யார் என்று பார்ப்பதற்கு முன், இப்பட்டியலின் எடைகளை வைத்தவர் யார், எப்போது வைத்தார், எதை விரும்பி வைத்தார் என்று மூன்று வினாக்களைக் கேட்போமாக. அதன்பின் அந்தக் கடைசி ஆள் ஈ-யா இ-யா என்று பிரித்தறிந்து பேனாவை எடுப்போமாக.